விடைப்பக்கம் இல்லாத புத்தகம்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்ப்போம். என்னுடையதுதான், ஆனால் ஒரு நாள்கூட நான் அதை நேரில் பார்த்ததில்லை. எனக்குப் பெயர் தெரியாதவர்கள்கூடப் பார்த்திருக்கிறார்கள். அது என்ன?

முதுகு.

யோசித்துக்கொண்டிருந்தீர்களா? எதற்கு சார் சிரமம், அதுதான் சொல்லிவிட்டேனே. கண்ணாடியில் பார்க்கலாமே என்பீர்கள். அதற்காகத்தான் புத்தகத்தில் 'நேரில்' என்று போட்டிருக்கிறான். நீங்கள் பஸ் ஏறினதிலிருந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. அந்த இரண்டாவது வரிசையில் 'அகழி' என்று போடுங்கள். கோட்டையைச் சுற்றி இருப்பது, மூன்றெழுத்து. அகழிதான். பேனாவாலேயே போடலாம், சந்தேகம் வேண்டாம்.

இந்த முதுகால்தான் இன்றைக்கு நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி போய்க்கொண்டிருக்கிறேன். மாவட்ட நூலக அலுவலகத்துக்கு. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருக்கும் அம்மாள்மேல் புகார் கொடுக்க. பையில் இருக்கிறது புகார். மூன்று தடவை எழுதிக் கிழித்துப்போட்டு நான்காவதாக எழுதினேன். கோபத்தில் எழுதினால் வாக்கியம் நீண்டுவிடுகிறது.

நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், என்மேல் தப்பு இருக்கிறதா என்று.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. இங்கே ஓசூர்ப் பக்கம் பித்தளை வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். செய்து முடித்த வால்வு என் மேஜைக்கு வரும். அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சைக் கூடை, இல்லாவிட்டால் சிவப்புக் கூடை. என் மேஜையைத் தாண்டிக் குறையுள்ள சாமான் ஒன்று வெளியே போனதாக இன்றுவரை பேச்சு வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. குறை கண்ணில் பட்டால் அதை விட்டுவிட்டு என்னால் நகர முடியாது. அப்படி ஒரு பிறவி.

எனக்கு ஒரே மகள். ஆதிரை. ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். லீவில் பிள்ளைகள் எல்லாம் போனில் கிடக்கிற காலத்தில், நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போகிறவன். எத்தனை அப்பன் போகிறான், சொல்லுங்கள். போவது மட்டுமில்லை, புத்தகமும் நானே பார்த்து எடுத்துக் கொடுப்பேன். விஞ்ஞானிகள் வாழ்க்கை, பொது அறிவு, மனக்கணக்கு. புதன்கிழமை சாயங்காலம் அந்தப் புத்தகத்திலிருந்து கேள்வி கேட்பேன். சரியாகச் சொல்லுவாள். ஒன்றிரண்டு தப்பினால் அந்தப் பக்கத்தை மறுபடி படிக்கச் சொல்லுவேன். இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது சார்.

லீவு தொடங்கிய புதிதில் ஒரு ஞாயிறு நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போவதற்குள் அவளாகவே ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டிவிட்டாள். நூலகத்து அம்மாள், பரிமளா என்று பெயர், தேதி முத்திரையும் குத்திவிட்டார். சிறுவர் விடுகதைப் புத்தகம். நாற்பது விடுகதை. அட்டை கிழிந்து, மேலே காக்கித்தாள் போட்டுத் தைத்த பழைய புத்தகம். சரி, ஒரு வாரம்தானே, போகட்டும் என்று விட்டேன். அன்றைக்கே தடுத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் ஓடி வந்தாள். "அப்பா, ஒண்ணு கேக்கறேன். கதவைத் தட்டாம உள்ள வரும், காலடி வைக்காம வீடெல்லாம் திரியும், வெளக்கப் போட்டா ஓடிப்போயிடும். அது என்ன?"

நான் போனை எடுத்து அதனிடம் அப்படியே கேட்டேன். அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. "இருட்டு" என்றேன். "ஓ" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு விடுகதைகூட அவள் கேட்கவில்லை. என் விடையில் அவளுக்கு அவ்வளவு திருப்தி.

ஆனால் பாருங்கள், என்னிடம் கேட்கவில்லையே தவிர ஊரில் ஒருத்தரை விடவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவரிடம் கேட்டாள். அவர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டே வாசலில் நின்று யோசிக்கிறார். கீழ்வீட்டுத் தையல்கார அம்மாளிடம் கேட்டாள். அந்த அம்மாள் மறுநாள் காலையில் நான் கம்பெனிக்குக் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, "பாப்பாகிட்ட சொல்லுங்க, பதினெட்டாவது விடுகதைக்கு ஊசின்னு தோணுது" என்கிறார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது, இவருக்கு ஊசி. அவள் அம்மா வசுமதி, என் மனைவி, அடுப்பை அணைத்துவிட்டு யோசிக்கிறாள். அணைத்துவிட்டு, சார். பருப்பு பாதி வெந்து கிடக்கிறது.

ஒரு வாரம் போனது. புத்தகத்தைத் திருப்பிக் கொடு என்றேன். "இன்னொரு வாரம்ப்பா" என்று மறுபடி முத்திரை குத்தி வாங்கி வந்தாள். அடுத்த வாரமும் அதே புத்தகம். மனக்கணக்குப் புத்தகம் பிரிக்காமலே கிடக்கிறது. நாற்பது விடுகதைக்கு எத்தனை வாரம் சார்? ஏதோ குறை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அவள் குளிக்கப் போனபோது எடுத்துப் பிரித்துப் பார்த்தேன்.

விடைப்பக்கம் இல்லை.

கிழிந்துபோயிருக்கிறது. எப்போதோ போயிருக்கிறது. அதற்குப் பதிலாக வெள்ளைத்தாள் சில வைத்து நூலால் தைத்திருக்கிறது. முதல் தாளின் தலையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது: 'பென்சிலால் மட்டும் எழுதவும். பிறர் எழுதியதை அடிக்கவோ அழிக்கவோ கூடாது. வேறு விடை தோன்றினால் கீழே எழுதலாம்.' அதற்குக் கீழே ஊரில் இருக்கிற கையெழுத்து எல்லாம் இருக்கிறது. ஒன்று கோழிக்கிறுக்கல், ஒன்று அச்சு மாதிரி. ஒரே விடுகதைக்கு ஆறு விடை, ஏழு விடை.

எப்படிப்பட்ட விடைகள் தெரியுமா? 'எத்தனை பேருக்குப் பங்கு வைத்தாலும் குறையாதது எது?' கல்வி. பால்வாடிக் குழந்தைக்குத் தெரியும். இங்கே ஒருத்தன் 'சளி' என்று எழுதியிருக்கிறான். அதன் கீழே இன்னொருத்தன் 'எங்க மேஸ்திரியோட திட்டு' என்று எழுதியிருக்கிறான். அதற்கும் கீழே 'உங்க மேஸ்திரியை எனக்கும் தெரியும்' என்று இன்னொருத்தன். விடையா சார் இது? முதுகு விடுகதைக்கு, யாரோ 'என் பின்மண்டைச் சொட்டை' என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே என் மகள் கையெழுத்து. 'நான் தூங்குற முகம்.'

தப்பு. அது தப்பு சார். முதுகுதான் விடை.

வசுமதியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

"நல்லா இருக்கிறது வேற, சரியா இருக்கிறது வேற" என்றேன்.

"அவளுக்கும் முதுகு தெரியும்னு நெனைக்கிறேன். இன்னும் என்னெல்லாம் வருதுன்னு பாக்கறா. உங்களுக்கு என்ன தோணுதுன்னு நீங்களும் எழுதுங்களேன்."

எனக்கு என்ன தோன்ற வேண்டியிருக்கிறது? விடை இருக்கும்போது தோன்றுவதற்கு என்ன வேலை?

நேரே நூலகத்துக்குப் போனேன். பரிமளா அம்மாள் ஏதோ பழைய புத்தகத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். கிழிந்த புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். கண்டவன் கிறுக்குவதற்குத் தாளும் தைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், நூலகம் இல்லையா.

அந்த அம்மாள் சிரிக்கிறார். "அந்தப் பக்கம் நான் வர்றதுக்கு முன்னாலயே கிழிஞ்சிருச்சு சார். கழிச்சுக் கட்டலாம்னுதான் எடுத்து வெச்சேன். இந்த முனிராஜ்தான் விடமாட்டேன்னுட்டாரு. விடை இல்லேன்னா என்ன மேடம், எங்களுக்கு வாய் இல்லையான்னாரு. அப்புறம்தான் தாள் தெச்சேன். இந்த நூலகத்துலயே அதிகமா வெளிய போறது அதுதான் சார்."

முனிராஜ் என்பவர் ஆட்டோ ஓட்டுகிறவர். வாசல் பக்கத்து வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டுச் சவாரி இல்லாத நேரமெல்லாம் உள்ளே வந்து பேப்பர் படிக்கிற ஆள். பேப்பரை மடக்காமலே சொன்னார்: "அந்த சொட்டை நாந்தான் சார் எழுதினேன். சொந்த அனுபவம்." அங்கே இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நூலகத்தில் சிரிக்கிறார்கள் சார். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு.

சரி, இவர்களிடம் பேசிப் பயனில்லை. குறை இருந்தால் சரிசெய்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். மற்றவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பான். நான் வேலையில் இறங்கினேன். புத்தகத்தின் பெயரையும் பதிப்பையும் குறித்துக்கொண்டு தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். தஞ்சாவூரில் என் சித்தப்பா மகன் பள்ளிக்கூட வாத்தியார். அவன் பள்ளி அலமாரியில் அதே புத்தகம், விடைப்பக்கத்தோடு. படம் எடுத்து அனுப்பிவிட்டான். அதைக் கடையில் கொடுத்து நல்ல தாளில் அச்சு எடுத்தேன்.

ஆதிரை பக்கத்துத் தெருவுக்கு விளையாடப் போயிருந்த மத்தியானம். அழிரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுலபமான வேலை இல்லை சார். பென்சில் என்றுதான் பெயர், சிலர் அழுத்தி அழுத்தி எழுதியிருக்கிறார்கள். சில இடத்தில் கையெழுத்து மங்கித் தாளும் பழுப்பேறியிருந்தது. அதைத் தாள் கிழியாமல் எடுக்கத் தனிப் பொறுமை வேண்டும். எல்லாவற்றையும் எடுத்தேன். சளி, திட்டு, சொட்டை, தூங்குகிற முகம், எல்லாம். ரப்பர் தூளை ஊதிவிட்டு, அச்சடித்த விடைப்பக்கத்தை ஓரம் பிசகாமல் ஒட்டினேன். ஒரு இடத்தில்கூடக் காற்றுக்குமிழ் இல்லை. தடவிப் பார்த்தால் ஒட்டியது என்றே தெரியாது. பச்சைக் கூடை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் சொன்னேன்: "ஆதிரை, உன் புத்தகம் முழுசாயிடுச்சு." அவள் பிரித்துப் பார்த்தாள். முதல் பக்கம், அடுத்த பக்கம் என்று திருப்பினாள். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. நான் புத்தகத்தை வாங்கி விடைகளை வாசிக்கத் தொடங்கினேன். அவளுக்கும் சந்தோஷமாக இருக்குமே என்று. மூன்றாவதோ நான்காவதோ வாசிக்கும்போது, "போதும்ப்பா" என்றாள். நான் நிறுத்தவில்லை. எடுத்த வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. பிறகு காதைப் பொத்திக்கொண்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்து இன்னும் சத்தமாக வாசித்தேன். நாற்பதையும் வாசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"முதுகுதானா?" என்றாள்.

"முதுகுதான்."

"சரிப்பா" என்றாள். தட்டில் பாதித் தோசை அப்படியே இருந்தது. கை கழுவப் போய்விட்டாள்.

அழவில்லை, கோபப்படவில்லை, ஒன்றுமில்லை. வசுமதிதான் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீங்க."

"யாரை?"

"யாரையாவது."

நல்லது செய்வதற்கு அனுமதி வாங்க வேண்டுமாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

சூளகிரி தாண்டிவிட்டோமா? இன்னும் நேரம் இருக்கிறது. அந்த ஐந்தாவதற்கு 'தாழ்வாரம்' சரியாக வரும் பாருங்கள். நீங்கள் ஏன் பேப்பரை மடித்துவிட்டீர்கள்? சரி, சரி. என் கதையைக் கேட்கிறீர்கள். நல்லது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நானே போனேன். ஒரு நன்றியாவது சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்லவில்லை. பரிமளா அம்மாள் பிரித்தார். கடைசித் தாளை விரலால் தடவினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"அழிச்சிட்டீங்களா" என்றார். கேள்வி மாதிரி இல்லை.

"சரிசெஞ்சிருக்கேன்" என்றேன்.

"இதுல ஒரு பையனோட கையெழுத்து மங்கிப்போய் இருந்திருக்கும். எட்டாவது படிக்கும்போது எழுதினது. போன பொங்கலுக்குத் துபாய்லேர்ந்து பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்து அந்தப் பக்கத்தத்தான் காட்டினான்." அப்புறம் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முனிராஜ் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்ன சார், ஊரே குனிஞ்சு போட்ட கோலத்த தண்ணி ஊத்தித் தொடச்சிட்டு, மேல ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கீங்க?"

எனக்கு வந்ததே கோபம். "நீங்க எழுதினது தப்பு விடை. தப்பை அழிச்சா குத்தமா?" என்றேன்.

"எனக்கு சொட்டை இருக்கறது தப்பா சார்?" என்று குனிந்து காட்டுகிறார். மறுபடி சிரிப்பு. ஆனால் அன்றைக்குச் சிரிப்பு கொஞ்சம் கம்மிதான். ஒரு பெரியவர் என்னைப் பார்க்காமல் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

இத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன், நான் ஒட்டிய தாளை அந்த அம்மாள் நீராவி காட்டிப் பிரித்து எடுத்துவிட்டிருக்கிறார். அதை ஒரு உறையில் போட்டு மேஜை டிராயரில் வைத்திருக்கிறாராம், வேண்டியவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாமாம். புத்தகத்தில் மறுபடி வெள்ளைத்தாள். மறுபடி தையல். மறுபடி சிவப்பு மை. சரியாக இருந்ததை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருக்கிறார் சார். எங்கள் கம்பெனியில் இப்படிச் செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புகாரில் இதைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவதாக எழுதியிருப்பது என் மகளைப் பற்றி. அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு அவள் நூலகத்துக்கு வரமாட்டேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தலைவலி என்பாள், வயிற்றுவலி என்பாள். நான் எடுத்து வந்து கொடுக்கிற புத்தகத்தைப் படிப்பாள், புதன்கிழமை கேட்டால் எல்லா விடையும் சரியாகச் சொல்லுவாள். ஒன்றுகூடத் தப்புவதில்லை. ஆனால் வாயைத் திறந்து விடையை மட்டும் சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறாள். தண்ணீர் கேன்காரர் கதவைத் தட்டி, "பாப்பா, புதுசா ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கிறார். "இல்லண்ணா" என்று கேனை வாங்கி வைத்துக்கொள்கிறாள். துறுதுறுவென்று இருந்த பிள்ளை சார். வாசிப்பில் இருந்த ஆசையே போய்விட்டது. கிழிந்த புத்தகத்தைக் கொடுத்து என் பிள்ளையை இப்படிச் செய்துவிட்டார் அந்த அம்மாள். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

வசுமதி வேறு காரணம் சொல்லுகிறாள். அதை விடுங்கள்.

நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, விடுவதில்லை என்று வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். நூலகத்தில் எல்லாரும் இருந்தார்கள். பேப்பர் பெரியவர், முனிராஜ், எல்லாரும். ஆதிரையைப் பார்த்ததும் முனிராஜ் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை.

பரிமளா அம்மாள் அந்த விடுகதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். கூடவே சீவின பென்சில் ஒன்று. "யாரும் இன்னும் எழுதல கண்ணு. மொதல்ல நீ எழுதணும்னு எல்லாரும் காத்திருக்காங்க."

ஆதிரை வெள்ளைத்தாளைப் பார்த்தாள். பென்சிலைத் தொட்டாள். எடுக்கவில்லை.

"எனக்குத்தான் எல்லா விடையும் தெரிஞ்சுபோச்சே மேடம்" என்றாள்.

ஒரு நிமிஷம் எனக்கே என்னவோபோல் இருந்தது. ஆனால் அதுவும் நல்லதுதான், இனி அந்தப் புத்தகத்தின் தொல்லை இல்லை என்று, நான் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த இரண்டையும் மேஜையில் வைத்தேன். ஒன்று பொது அறிவு, புதுப் பதிப்பு. ஒன்று கோள்களைப் பற்றியது, வண்ணப்படம் போட்டது. மொத்தம் மூன்று புத்தகம் அவள் முன்னால். "எது வேணுமோ நீயே எடுத்துக்க. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். நான் இவ்வளவு இறங்கி வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்து கடைசி அலமாரிக்குப் போனாள். அது தெலுங்கு அலமாரி. ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. அதனால் ஒரு அலமாரி நிறையத் தெலுங்குப் புத்தகம் உண்டு. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. கீழ்த்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஒல்லியாக ஒன்றை எடுத்து வந்தாள். அட்டையில் ஒரு ஆடு, ஒரு ஏணி. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் வட்ட வட்டமாக எழுத்து.

"தெலுங்கு தெரியுமா கண்ணு?" என்று பரிமளா அம்மாள் கேட்டார்.

"தெரியாது."

"வீட்ல யாருக்காவது?"

"யாருக்கும் தெரியாது."

"நான் சொல்லித் தர்றேன், அக்ஷரம் எல்லாம்" என்றார் முனிராஜ். "ஆனா ஆடு ஏணில எதுக்கு ஏறுதுன்னு இப்பவே கேக்காத. எனக்கும் தெரியாது."

நான் போனை எடுத்தேன். அட்டையைக் காட்டினால் போதும், அதுவே படித்துச் சொல்லிவிடும்.

"வேணாம்ப்பா" என்றாள்.

உறுப்பினர் அட்டையை நீட்டினாள். அந்த அம்மாள் தேதி முத்திரை குத்தினார். என் இரண்டு புத்தகமும் மேஜைமேலேயே இருந்தன. தெலுங்குப் புத்தகத்தைத்தான் எடுத்துக்கொண்டாள்.